பென்னட் வீட்டு அப்பா நல்லவரா? ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ் பத்தின கேள்விக்கு விரிவான பதில்

நீங்க கேட்டத நான் புரிஞ்சுகிட்ட மாதிரி சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க. ஜேன் ஆஸ்டினோட ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ் இப்பதான் முதல் தடவ படிச்சு முடிச்சிருக்கீங்க. அதுல அம்மா மிஸஸ் பென்னட் வாயத் திறந்தாலே எரிச்சலா வருது, அப்பா மிஸ்டர் பென்னட்ட பாத்தா அமைதியான மனுஷன், புத்திசாலி, நல்லா கிண்டல் பண்றாரு, பிடிச்சுப் போகுது. ஆனா உங்க ஃப்ரெண்ட் ஒருத்தங்க அந்தக் குடும்பம் சந்தி சிரிச்சதுக்கு அப்பாதான் முதல் காரணம்னு அடிச்சுச் சொல்றாங்க, அது நாவலே சொல்றதா, இல்ல இந்தக் காலத்து ஆளுங்க அவர் தலையில ஏத்தி வைக்கிறதான்னு கேட்டிருக்கீங்க. இதுக்கு அடியில இன்னொரு கேள்வியும் இருக்குன்னு எனக்குத் தோணுது. இனிமையா பேசறவங்களும் நல்லவங்களும் ஒண்ணுதானா, இந்தக் கதை அதப் பத்தி என்ன நினைக்குது? ரெண்டுக்கும் சேர்த்தே எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும்.

நான் காலேஜ்ல 22 வருஷம் இங்கிலீஷ் லிட்ரேச்சர் எடுத்தவ, இந்த நாவல கிளாஸ்ல எத்தனையோ தடவ முழுசா நடத்தியிருக்கேன். ஒவ்வொரு பேட்ச்லயும் முதல் வாரம் எல்லாருக்கும் அப்பாவத்தான் பிடிக்கும். அதுல தப்பே இல்ல, ஆஸ்டின் அப்படித்தான் எழுதி வச்சிருக்காங்க, முதல் அத்தியாயத்துலேயே நம்மள அவர் பக்கத்துல சேர் போட்டு உக்கார வச்சு அந்தம்மாவ பாத்து சிரிக்க வைக்கிறாங்க. அப்புறம் 41, 42 அத்தியாயம் வர்றப்ப கிளாஸ் அப்படியே அமைதியாயிடும். உங்க ஃப்ரெண்ட் சொல்றது பெரும்பாலும் சரி, அது நாவல்லயே இருக்கு, யாரும் வெளியிலேர்ந்து கொண்டு வந்து ஒட்டல. ஆனா "அப்பாதான் காரணம்"னு அதோட நிறுத்திட்டாலும் கதை குறைஞ்சு போயிடும், ஏன்னு கடைசில வர்றேன்.

முதல்ல காசுக் கணக்கு, ஏன்னா இதுல சந்தேகத்துக்கே இடமில்ல, எல்லாம் நாவல்ல நம்பரோட இருக்கு. பென்னட் குடும்பம் இருக்கற லாங்போர்ன் எஸ்டேட்லேர்ந்து வருஷத்துக்கு 2000 பவுண்டு வருமானம். ஆனா சொத்து என்டெயில்ங்கற ஏற்பாட்டுல கட்டிப் போட்டிருக்கு, ஆண் வாரிசுக்குத்தான் போகும், அஞ்சும் பொண்ணா போனதால அப்பா கண்ண மூடுன அன்னிக்கே தூரத்துச் சொந்தமான காலின்ஸ் வந்து உக்காந்துக்கலாம். (காலின்ஸுக்கு ஏன் வேற சர்நேம்னு நாவல்ல விளக்கம் கிடையாது, சட்டம் தெரிஞ்சவங்க அத வச்சு நிறைய வாதாடறாங்க, நான் வக்கீல் இல்ல, அதுக்குள்ள போகல, கதைக்குத் தேவையான அளவு ஆஸ்டினே சொல்லிட்டாங்க.) அம்மாவுக்கும் பொண்ணுங்களுக்கும்னு கல்யாண ஒப்பந்தத்துல எழுதி வச்சது மொத்தம் 5000 பவுண்டு. காலின்ஸ் ரெண்டாவது பொண்ணு எலிசபெத்த கல்யாணத்துக்குக் கேக்கறப்பவே கொஞ்சம் கூட கூச்சமில்லாம அந்தக் கணக்கச் சொல்லிடறாரு, உனக்கு வரப்போறது 4 சதவீத வட்டியில 1000 பவுண்டு, அதுவும் உங்க அம்மா காலத்துக்கு அப்புறம்தான்னு. அப்படின்னா வருஷத்துக்கு 40 பவுண்டு. கடைசில எலிசபெத்த கட்டிக்கற பணக்காரன் டார்சிக்கு வருஷ வருமானம் 10,000. அந்த 5000 மொத்தத்துக்கும் அதே வட்டின்னு வச்சாக்கூட 200 பவுண்டு, 2000ல வாழ்ந்த வீடு ஒரே நாள்ல 200க்கு இறங்கணும், வீட்டையும் காலி பண்ணிக் குடுக்கணும். மிஸஸ் பென்னட் கத்தறது எதுக்குன்னு இந்தக் கணக்கப் போட்டுப் பாத்தாதான் உறைக்கும். அந்தம்மா சொல்ற விதம் சகிக்காது, சொல்ற விஷயம் நூத்துக்கு நூறு உண்மை.

அப்பா இதுக்கு என்ன பண்ணாருங்கறதுதான் முக்கியம், 50வது அத்தியாயத்துல ஆஸ்டின் அத நேராவே எழுதிட்டாங்க. கல்யாணம் ஆன புதுசுல சிக்கனம் தேவையே இல்லன்னு நினைச்சாராம், எப்படியும் ஒரு பையன் பொறப்பான், அவனுக்கு 21 வயசு ஆனதும் அப்பாவும் மகனுமா கையெழுத்துப் போட்டு அந்த என்டெயில உடைச்சிடலாம்னு. பொண்ணா பொறந்துகிட்டே இருந்தது, கடைசிப் பொண்ணு லிடியா பொறந்து பல வருஷம் ஆகியும் அந்தம்மா பையன் வருவான்னே நம்பிகிட்டு இருந்தாங்க, நம்பிக்கை போனப்ப சேத்து வைக்கிற காலமும் போயிடுச்சு. நான் கிளாஸ்ல போர்ட்ல ஒரு கணக்கு போடுவேன், இது என் கணக்கு, நாவல்ல இல்ல. வருஷத்துக்கு 200 பவுண்டு, அதாவது வருமானத்துல பத்துல ஒரு பங்கு, அதே 4 சதவீதத்துல 20 வருஷம் போட்டு வந்திருந்தா கிட்டத்தட்ட 6000 ஆகியிருக்கும், பொண்ணுங்களோட பங்கு ரெண்டு மடங்குக்கு மேல போயிருக்கும். கதை நடக்கறப்ப அவங்களுக்குக் கல்யாணமாகி 23 வருஷம். அவர் அந்த 23 வருஷமும் லைப்ரரி கதவச் சாத்திகிட்டு புத்தகம் படிச்சாரு. கடன் மட்டும் வாங்கல, யார் கிட்டயும் கை நீட்டி நிக்கறது அவருக்குப் பிடிக்காதுங்கற ஒரே காரணத்தால அந்தக் குடும்பம் வரவுக்கு மேல போகலன்னு ஆஸ்டின் எழுதறாங்க.

இப்ப அம்மா பக்கம். அவங்கள முழுசா காப்பாத்த நான் வரல. பிங்லிங்கற பணக்காரப் பையன் குடியிருக்கற நெதர்ஃபீல்டு வீட்டுக்கு மூத்த பொண்ணு ஜேன சாப்பிடக் கூப்பிடறாங்க, ஜேன் வண்டி கேக்கறா, அம்மா குதிரை மேலயே போ, மழை வர்ற மாதிரி இருக்கு, வந்தா ராத்திரி அங்கயே தங்கிக்கலாம்னு அனுப்பி வைக்கிறாங்க. பொண்ணு நனைஞ்சு காய்ச்சல்ல படுத்துடுது. மறுநாள் காலைல லெட்டர் வருது, அப்ப அப்பா என்ன சொல்றாரு பாருங்க, பொண்ணுக்கு முத்திப் போய் செத்தே போனாலும், பிங்லியப் பிடிக்கப் போய்தான், அதுவும் உன் உத்தரவுப்படிதான் செத்தாங்கற ஆறுதல் இருக்கும்ங்கறாரு. படிக்கறப்ப சிரிப்பு வரும், எனக்கும் வந்திருக்கு. ஆனா நிறுத்திப் பாருங்க, பொண்ணு கிளம்பறப்பவும் அவர் அங்கயேதான் இருந்தாரு, அம்மாவோட தந்திரம் அவர் காதுலயும் விழுந்தது. வண்டிக் குதிரை பண்ணை வேலைக்கு வேணும்னு சொன்னதோட சரி, இது வேண்டாம்மான்னு ஒரு வார்த்தை சொல்லல. அம்மா தப்பு பண்றாங்க, அப்பா அத வச்சு நல்ல ஜோக் சொல்றாரு, காய்ச்சல் என்னவோ ஜேனுக்கு.

அதே காலைலதான் இந்த நாவல்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச காட்சி வருது. எலிசபெத்துக்கு அக்காவப் பாக்கணும், வண்டி இல்ல, குதிரை ஏறவும் அவளுக்கு வராது, அதனால மூணு மைல் நடந்தே போறா, வேலி தாண்டி, குட்டையத் தாண்டி. போய் நிக்கறப்ப காலுறையெல்லாம் அழுக்கு, முகம் செவந்து கிடக்கு. சாயங்காலம் சாப்பாடு முடிஞ்சு அவ ரூம விட்டு மேல போனதும் பிங்லியோட அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஆரம்பிக்கிறாங்க, பாவாடையில ஆறு இஞ்சுக்குச் சேறு, மேல் கவுன இறக்கி விட்டும் மறையல, தலை வேற கலைஞ்சு கிடந்ததுன்னு. பிங்லி மட்டும், எனக்கு அந்தச் சேறு கண்ணுலயே படல, அக்கா மேல எவ்வளவு பாசம்னுதான் தெரிஞ்சதுங்கறான். ஆஸ்டினுக்கு மேனர்ஸ்னா என்னன்னு இந்தக் காட்சியிலயே இருக்கு. மேனர்ஸ்ங்கறத நாம மரியாதைன்னு சொன்னா பாதிதான் வரும், இங்கிதம்னு சொன்னா இன்னும் கிட்ட வரும். எதுத்தாப்ல நிக்கற ஆளுக்கு என்ன வேணும், என்ன வலிக்கும்னு தெரிஞ்சு நடந்துக்கறது. அந்த ரெண்டு பேருக்கும் கரண்டி பிடிக்கறதுலேர்ந்து பியானோ வாசிக்கறது வரைக்கும் எல்லாம் தெரியும், அந்த இங்கிதம் ஒண்ணுதான் கிடையாது.

இத மனசுல வச்சுகிட்டுப் பாத்தா மத்த ஆளுங்களும் தெளிவாத் தெரிவாங்க. விக்கம்ங்கற ராணுவ ஆபீசர் மாதிரி இனிமையா பேசறவன் கதையிலயே கிடையாது, ஆனா டார்சியோட தங்கச்சி ஜார்ஜியானாவ 15 வயசுல கூட்டிட்டு ஓடப் பாத்தவன், அவளோட 30,000 பவுண்டுதான் முக்கியமான குறி. டார்சி நேர்மையானவன், ஆனா முதல் டான்ஸ்லயே ஒரு பொண்ண அவ காதுல விழற மாதிரி மட்டம் தட்டிப் பேசறான். பின்னாடி அவனே எலிசபெத் கிட்ட ஒத்துக்கறான், சின்ன வயசுல எது சரின்னு சொல்லிக் குடுத்தாங்க, என் குணத்தத் திருத்திக்க சொல்லிக் குடுக்கலன்னு. இதுவும் வளர்ப்பப் பத்தின பேச்சுதான், பெத்தவங்க தப்பு லாங்போர்ன்ல மட்டும் இல்ல, டார்சியோட வீடான பெம்பர்லியிலயும் இருக்கு. அவன் பெரியம்மா லேடி கேதரின் எலிசபெத் கிட்ட, பியானோ பழகணும்னா வா, வேலைக்கு இருக்கற மிஸஸ் ஜென்கின்சன் ரூம்ல வாசி, அந்தப் பக்கத்துல யாருக்கும் தொந்தரவா இருக்க மாட்டங்கறாங்க, அப்ப டார்சிக்கே லேசா வெக்கமாப் போகுது. எலிசபெத் அம்மாவப் பாத்து முகம் சுளிச்சவன் சொந்தப் பெரியம்மாவால தலை குனியற இடம் அது. லண்டன்ல வியாபாரம் பண்ற எலிசபெத்தோட மாமா கார்டினர், தன் கோடவுன் கண்ணுக்குத் தெரியற தூரத்துல குடியிருக்கறவரு, அவரும் அவர் மனைவியும்தான் இந்த மொத்தக் கதையிலயும் குறையே சொல்ல முடியாத ஜோடி. ஆஸ்டின் இத வேணும்னேதான் வச்சிருக்காங்கன்னு நான் நினைக்கிறேன், இங்கிதம் பொறப்புல வர்றது இல்லன்னு.

இப்ப பிரைட்டன். 15 முடிஞ்சு 16 ஆகற லிடியாவ, கர்னல் ஃபார்ஸ்டரோட இளம் மனைவி பிரைட்டன்ங்கற கடற்கரை ஊருக்கு வரச் சொல்றா, அங்க ராணுவ முகாம். எலிசபெத் தங்கச்சிக்குத் தெரியாம அப்பா கிட்ட கெஞ்சறா, அனுப்பாதீங்க, இவ போற போக்கு சரியில்ல, ஏற்கனவே எங்க எல்லாரோட பேருக்கும் கெடுதல் ஆயிடுச்சுங்கறா. அப்பா மொதல்ல கிண்டல் பண்றாரு, பொது இடத்துல ஒரு தடவ மானத்த வாங்காம லிடியா அடங்க மாட்டா, இவ்வளவு கம்மி செலவுல அது நடக்கற சந்தர்ப்பம் வேற வராது, உன்னைத் தேடி வந்த பசங்கள்ல எத்தனை பேர அவ விரட்டி விட்டான்னு. அப்புறம் அவ நிஜமாவே கவலைப்படறான்னு தெரிஞ்சதும் பாசமா கையப் பிடிச்சுகிட்டு, கவலைப்படாதம்மா, அவள அனுப்பலன்னா இந்த வீட்ல நிம்மதியே இருக்காதுங்கறாரு. கையப் பிடிச்சுகிட்டுச் சொல்றாரு, அதுதான் எனக்கு ஒவ்வொரு தடவ படிக்கறப்பவும் மனசப் பிசையுது. பாசம் இல்லாத அப்பா இல்ல அவரு. தன் நிம்மதிக்குக் குறுக்க வராத வரைக்கும் பாசம்.

அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரியும், பிரைட்டன்லேர்ந்து லிடியா விக்கமோட ஓடிப் போயிடறா, ஆனா அந்தக் காலத்துச் சட்டத்த ஒரு வரி சொல்லணும். 1753ல கொண்டு வந்த கல்யாணச் சட்டப்படி இங்கிலாந்துல 21 வயசுக்குக் கீழ இருக்கறவங்க லைசன்ஸ் வாங்கிக் கல்யாணம் பண்ண பெத்தவங்க சம்மதம் வேணும், ஸ்காட்லாந்துக்கு அந்தச் சட்டம் கிடையாது, அதனாலதான் ஓடறவங்க எல்லைல இருக்கற கிரெட்னா கிரீனுக்கு ஓடுவாங்க. லிடியாவும் அங்கதான் போறேன்னு எழுதி வச்சிட்டுப் போறா. ஆனா தேடிப் போன கர்னலுக்கு லண்டனுக்குப் பக்கத்துல இருக்கற கிளாப்பம் வரைக்கும்தான் தடயம் கிடைக்குது, வடக்க போகவே இல்ல, லண்டனுக்குள்ள மறைஞ்சுட்டாங்க. அப்படின்னா கல்யாணம் பண்ற எண்ணமே அவனுக்கு இல்ல. அதனாலதான் வீட்ல எல்லாரும் அப்படி ஆடிப் போறாங்க, ஓடினதுக்காக மட்டும் இல்ல. ஒரு தங்கச்சி கல்யாணம் இல்லாம ஒருத்தனோட இருந்தா மத்த நாலு பேருக்கும் மாப்பிள்ளை வாசல் மிதிக்க மாட்டான். காலின்ஸ் எழுதற லெட்டர்ல, பொண்ணு செத்துப் போயிருந்தாக்கூட இதுக்கு மேல்ங்கறாரு. அவர் ஒரு பாதிரியாருங்கறத மறந்துடாதீங்க. நாவல் அந்த வரிய ஒரு நிமிஷம் கூட ஏத்துக்கல, அதே சமயம் ஊர்ல பலர் அப்படித்தான் நினைப்பாங்கங்கறதையும் மறைக்கல.

அப்பா லண்டன்ல தேடிட்டு வெறுங்கையோட வர்றாரு. எலிசபெத் ஆறுதல் சொல்லப் போனா, இல்ல, வாழ்க்கையில ஒரு தடவயாவது என் தப்ப நான் உணரட்டும், பயப்படாத, சீக்கிரமே போயிடும்ங்கறாரு. அதே மாதிரி போயிடுது. கொஞ்ச நேரத்துல நாலாவது பொண்ணு கிட்டிய பாத்து இனிமே ஆபீசர் யாரும் இந்த வீட்டு வாசல்ல நிக்கக் கூடாது, பத்து வருஷம் நல்ல பொண்ணா இருந்தா ராணுவ அணிவகுப்பு பாக்கக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி, அந்தப் பொண்ணு அத நிஜம்னு நம்பி அழுவுது. தன்னத் தானே தெளிவா பாக்கத் தெரிஞ்ச மனுஷன், பாத்ததுக்கப்புறம் எதையும் மாத்திக்கல. ஓடிப் போன ரெண்டு பேரையும் கண்டுபிடிச்சு, கல்யாணம் பேசி முடிஞ்சதும் அவர் போடற கணக்கு இன்னும் மோசம், லிடியாவுக்கு வருஷம் 100 பவுண்டு குடுக்கணும், ஆனா அவ வீட்ல இருந்தப்ப ஆன சாப்பாடு, கைச்செலவு எல்லாம் கழிச்சுப் பாத்தா தனக்கு நஷ்டம் 10 பவுண்டு கூட வராதுன்னு மனசுக்குள்ள நிம்மதியாகறாரு. விக்கமோட கடன் மட்டும் 1000 பவுண்டுக்கு மேல, அத டார்சி கட்டினான், லிடியா பேர்ல இன்னொரு 1000 போட்டான், ராணுவத்துல அவனுக்கு வேலையும் வாங்கிக் குடுத்தான், யாருக்கும் தெரியக் கூடாதுன்னு மறைச்சும் வச்சான். பெத்தவர் செய்ய வேண்டியத வேத்தாள் செஞ்சிருக்கான்.

"அப்பாதான் காரணம்"னு நிறுத்தக் கூடாதுன்னு மேல சொன்னேன்ல, அது எலிசபெத்தாலதான். டார்சி எழுதின லெட்டர்ல விக்கம் எப்படிப்பட்டவன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. ஊருக்கு வந்ததும் ஜேனோட உக்காந்து பேசறா, வெளியில சொல்லலாமா வேண்டாமான்னு. ஜார்ஜியானா பேரு அடிபடும், அது அவங்க சொல்லக் கூடிய ரகசியம் இல்ல, விக்கமும் சீக்கிரம் ஊர விட்டுப் போகப் போறான், ஜேனுக்கு அவன் திருந்திடுவான்னு நம்பிக்கை வேற. ரெண்டு பேரும் சொல்லாம இருக்கறதுன்னு முடிவு பண்றாங்க. நல்ல மனசோட, இங்கிதத்தோட எடுத்த முடிவு, அந்த மௌனத்துலதான் லிடியா விழுந்தா. எலிசபெத்தே அத நினைச்சு அழறா. பிரைட்டனுக்கு அனுப்பாதீங்கன்னு அப்பா கிட்ட வாதாடறப்பக்கூட விக்கம் பேர அவ எடுக்கல. அப்பாவ மன்னிக்க முடியாதுன்னு சொல்ற ஸ்டூடண்ட்ஸ் கிட்ட நான் இந்த இடத்தக் காட்டுவேன், அவளுக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரியாது. அவர் தப்பு அப்பவும் தப்புதான், ஆனா தனியா அவர் தோள்ல மட்டும் இல்ல.

இது வரைக்கும் சொன்னதுல சம்பவங்களும் நம்பரும் நாவல்ல உள்ளது, நீங்களே சரி பாத்துக்கலாம். ஆஸ்டின் அவர மன்னிச்சாங்களா இல்லையாங்கறது மட்டும் ஒவ்வொருத்தர் வாசிப்பு. தண்டனைன்னு எதுவும் அவருக்கு வரல, கடைசில பெம்பர்லிக்கு இஷ்டப்பட்டப்ப வந்து போறாரு, அதனால மன்னிச்சுட்டாங்கன்னு சொல்றவங்க உண்டு. எனக்கு அப்படித் தோணல. இந்த நாவல் 1813 ஜனவரில வந்தது, எழுத்தாளர் பேர் கூட அட்டையில போடல. அதுக்கு எட்டு வருஷம் முன்னாடி, 1805ல ஆஸ்டினோட அப்பா தவறிட்டாரு, அம்மாவும் ரெண்டு பொண்ணுங்களும் அண்ணன் தம்பிங்க கொடுக்கற காச நம்பி ஊர் ஊரா வாடகைக்கும் சொந்தக்காரங்க வீட்லயுமா இருந்து, 1809லதான் அண்ணன் எட்வர்ட் சாட்டன்ல ஒரு வீடு குடுத்தாரு. அவங்க அப்பா மிஸ்டர் பென்னட் மாதிரி ஆளுன்னு நான் சொல்லல, அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. வீட்டுத் தலைவர் போன அடுத்த நாள் பொண்ணுங்க நிலைமை என்னன்னு வாழ்ந்து பாத்த கை எழுதினது இதுன்னு மட்டும் சொல்றேன்.

திரும்பப் படிக்கறதா இருந்தா 59வது அத்தியாயத்த மெதுவாப் படிங்க. டார்சிய கட்டிக்கப் போறேன்னு எலிசபெத் சொன்னதும் அப்பா சிரிக்கல, கிண்டல் பண்ணல. உன்னால மதிக்க முடியாத ஆள கட்டிகிட்டா நீ சந்தோஷமாவும் இருக்க மாட்ட, மரியாதையாவும் இருக்க மாட்ட, வாழ்க்கைத் துணைய மதிக்க முடியாம நீ தவிக்கறத நான் பாக்கற மாதிரி வச்சுடாதம்மாங்கறாரு. தன் கல்யாணத்தப் பத்தி அவர் வாய விட்டுச் சொன்ன ஒரே நேரம் அது, அதையும் நேராச் சொல்லல. அத முடிச்ச கையோட லிடியா விஷயத்துல பணம் போட்டது டார்சின்னு மக சொல்றா. நல்லதாப் போச்சு, உங்க மாமாவா இருந்தா நான் திருப்பிக் குடுத்தே ஆகணும், இவன் கிட்ட நாளைக்கு குடுக்கறேன்னு சொல்லுவேன், உன் மேல இருக்கற காதல்ல குதிச்சு வேண்டாம்பான், கதை முடிஞ்சதுங்கறாரு. ரெண்டும் ஒரே ரூம்ல, ஒரே பேச்சுல, சில நிமிஷ இடைவெளியில. அந்த ரெண்டு பேச்சையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, உங்களுக்கு என்ன தோணுதுன்னு எழுதுங்க.